போதுமா, போதாதா?

சம இடைவெளியில் அமைந்த ஏழு எண்கள் உள்ளன. அவற்றின் கூட்டுத்தொகை யாது? இவ்வினாவை மட்டும் கொடுத்தால் எவராலும் விடை கூற இயலாது. ஆகவே இரண்டு கூற்றுகள் உடன் தரப்படுகின்றன.

கூற்று 1: நான்காம் எண் 23.
கூற்று 2: முதல் எண் 5.

கணக்கில் தேர்ந்த மாணவர் ஒருவர் உடனே எழுதுகோலை எடுப்பார். முதல் எண் 5, நான்காம் எண் 23 எனில் இடையே மூன்று தாவல்கள், வேறுபாடு 18, ஆகவே ஒரு தாவல் 6. எண்கள் 5, 11, 17, 23, 29, 35, 41. அவற்றைக் கூட்டினால் 161. விடை சரியானது, வழியிலும் பிழையில்லை. ஆயினும் இவ்வினாவுக்கு அவர் மதிப்பெண் பெறமாட்டார்.

கேட்கப்பட்டது கூட்டுத்தொகை எவ்வளவு என்பதன்று. அதைக் கண்டறிய எந்தக் கூற்று போதும் என்பதே வினா. அம்மாணவர் இரண்டு கூற்றுகளும் வேண்டும் என்று குறித்திருப்பார். உண்மையில் முதற்கூற்று ஒன்றே போதும். நான்காம் எண் 23 என்று தெரிந்த கணமே கூட்டுத்தொகை 7 × 23, அதாவது 161 என்று உறுதியாகிவிடுகிறது. முதல் எண் 5 ஆக இருந்தாலும் 20 ஆக இருந்தாலும் அது மாறாது. இரண்டாம் கூற்று பொய்யன்று, பயனற்றதுமன்று. அது தேவையற்றது, அவ்வளவே.

வினாவின் அமைப்பு

இத்தகைய வினாக்களைத் 'தரவுப் போதுமை' வினாக்கள் என்பர். ஒரு வினாவும் அதன்கீழ் இரு கூற்றுகளும் இருக்கும். விடைகள் ஐந்தும் பெரும்பாலும் மாறாதவை: (அ) கூற்று 1 மட்டும் போதும், கூற்று 2 மட்டும் போதாது, (ஆ) கூற்று 2 மட்டும் போதும், கூற்று 1 மட்டும் போதாது, (இ) தனித்தனியே போதா, இரண்டும் சேர்ந்தால் போதும், (ஈ) ஒவ்வொன்றும் தனித்தே போதும், (உ) இரண்டும் சேர்ந்தும் போதா.

கூற்றுகள் உண்மையா என ஆராய வேண்டியதில்லை. அவை உண்மை எனக் கொண்டே தொடங்க வேண்டும். அவை வினாவுக்கு ஒரே ஒரு விடையை நிலைநாட்டுகின்றனவா என்பது மட்டுமே ஆராய்ச்சிக்குரியது.

மேலாண்மைக் கல்விக்கான ஜிமேட் தேர்வில் இவ்வகை வினாக்கள் நெடுங்காலமாக இடம்பெற்று வருகின்றன. மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குடிமைப் பணிகள் முதல்நிலைத் தேர்வின் இரண்டாம் தாளுக்குரிய பாடத்திட்டம், தரவுப் போதுமையைப் பெயர் சுட்டியே குறிப்பிடுகிறது; அது பத்தாம் வகுப்பு நிலையில் அமையும் என்றும் கூறுகிறது. அத்தாளில் 80 வினாக்கள். மொத்தம் 200 மதிப்பெண். நேரம் இரண்டு மணி. ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடமே கிடைக்கும். தவறான விடைக்கு அவ்வினாவுக்குரிய மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு குறைக்கப்படும். ஏழு எண்களையும் எழுதிக் கூட்டிய மாணவர் நேரத்தையும் இழக்கிறார், மதிப்பெண்ணையும் இழக்கிறார்.

இவ்விழப்புக்குக் காரணம் அம்மாணவரின் அறியாமை என்று சொல்லிவிட இயலாது. பள்ளிக் கணக்குப் பாடம் ஒரு பழக்கத்தை ஊட்டிவிடுகிறது. பாடநூலின் பயிற்சிக் கணக்குகளில் தரப்படும் விவரங்கள் அளந்து வைத்தாற்போல் இருக்கும். ஒன்று குறையாது, ஒன்று மிகாது. தந்த எண்கள் அனைத்தையும் எங்கேனும் பயன்படுத்தினால்தான் கணக்கு முடியும் என்ற எண்ணம் பத்தாண்டுகளில் வேரூன்றிவிடுகிறது. பள்ளிக்கு வெளியே விவரங்கள் அவ்வாறு அளந்து வருவதில்லை. சில மிகுந்திருக்கும், சில குறைந்திருக்கும், சில ஒன்றையே இருமுறை சொல்லும். எது எது என்று பிரித்தறியும் பழக்கத்தைத் தனியே பெறவேண்டியிருக்கிறது.

நடு எண்ணின் ஆற்றல்

நான்காம் எண் ஒன்றே எவ்வாறு போதுமானதாயிற்று? அடுத்தடுத்த எண்களுக்கு இடையே உள்ள வேறுபாடு மாறாதிருக்கும் வரிசை கூட்டுத் தொடர்வரிசை எனப்படும். அவ்வேறுபாடு பொது வித்தியாசம். ஏழு எண்களில் நான்காவது நடுவில் நிற்கிறது. மூன்றாம் எண் அதைவிட ஒரு தாவல் குறைவு. ஐந்தாம் எண் ஒரு தாவல் மிகுதி. இரண்டையும் சேர்த்தால் குறைவும் மிகுதியும் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ள, நடு எண்ணின் இருமடங்கே எஞ்சும். இரண்டாம் எண்ணும் ஆறாம் எண்ணும் அவ்வாறே. முதலும் ஏழும் அவ்வாறே. பொது வித்தியாசம் 6 ஆயினும் 100 ஆயினும் ஒவ்வோர் இணையிலும் அது மறைந்துபோகிறது. ஆகவே சராசரியும் நடு எண்ணும் ஒன்றே.

இவ்வுண்மை பழமையானது. கி.பி. 499இல் எழுதப்பட்டதாகக் கருதப்படும் ஆரியபட்டீயம் என்னும் நூலின் கணிதப் பகுதியில், இத்தகைய வரிசையின் கூட்டுத்தொகையைக் காண ஆரியபட்டர் ஒரு விதி தருகிறார். அவ்விதி முதலில் சராசரியைக் கண்டு, பின்னர் அதை உறுப்புகளின் எண்ணிக்கையால் பெருக்கச் சொல்கிறது. முதல் உறுப்பையும் கடைசி உறுப்பையும் கூட்டி எண்ணிக்கையின் பாதியால் பெருக்கலாம் என்ற மாற்று வழியும் அங்கேயே உண்டு. கி.பி. 1150இல் இரண்டாம் பாஸ்கரர் இயற்றிய லீலாவதியும் இவ்வழியே செல்கிறது. அவர் சராசரிக்கு இட்ட பெயர் 'மத்தியதனம்'. நடுவில் உள்ள செல்வம் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். இன்றைய வகுப்பறையில் கூட்டுத்தொகைச் சூத்திரம் முதலிலும் சராசரி பின்னரும் வருகின்றன. பழைய வரிசையே தரவுப் போதுமைக்கு ஏற்றது. சராசரியை முதலில் நினைப்பவருக்கு எந்த விவரம் தேவை, எது தேவையில்லை என்பது விரைவில் புலப்படும்.

செருமானியக் கணித அறிஞர் காஸ் சிறுவனாக இருந்தபோது 1 முதல் 100 வரையுள்ள எண்களின் கூட்டுத்தொகையை நொடியில் கூறினார் என்ற கதை பலரும் அறிந்தது. 1856இல் அவருடைய வரலாற்றை எழுதிய சார்டோரியஸ், ஆசிரியர் ஒரு கூட்டுத் தொடரைக் கொடுத்தார் என்றே குறிப்பிடுகிறார். 1 முதல் 100 வரை என்னும் விவரம் அதில் இல்லை, பின்வந்தோர் சேர்த்தது. எண்கள் எவையாயினும் கருத்து ஒன்றே. 1உம் 100உம் சேர்ந்து 101. 2உம் 99உம் சேர்ந்து 101. இருபுறமும் ஒத்த தொலைவில் நிற்கும் எண்களை ஆடி இணைகள் என்று இங்கு அழைப்போம். ஆடியில் உருவம் தெரிவதுபோல் அவை நடுவிடத்தின் இருபுறமும் எதிரெதிரே நிற்பவை.

ஆடி இணையை அறிந்தவருக்கு அடுத்த வினா எளிது. கூட்டுத் தொடர்வரிசையில் உள்ள எட்டு எண்களின் சராசரி யாது?

கூற்று 1: மூன்றாம் எண்ணும் ஆறாம் எண்ணும் சேர்ந்து 50.
கூற்று 2: மூன்றாம் எண்ணும் ஏழாம் எண்ணும் சேர்ந்து 54.

எட்டு எண்களில் நடு எண் என ஒன்று இல்லை. நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் இடையே நடு இருக்கிறது. மூன்றாவதும் ஆறாவதும் அந்நடுவிலிருந்து ஒத்த தொலைவில் உள்ளன. அவற்றின் கூடுதல் 50 எனில் சராசரி 25. முதற்கூற்று போதும். மூன்றாவதும் ஏழாவதும் ஆடி இணை அல்ல. அவற்றின் கூடுதல் 54 என்பது ஐந்தாம் எண் 27 என்பதை மட்டுமே சொல்கிறது. பொது வித்தியாசம் 2 எனில் எண்கள் 19 முதல் 33 வரை சென்று சராசரி 26 ஆகும். பொது வித்தியாசம் 4 எனில் 11 முதல் 39 வரை சென்று சராசரி 25 ஆகும். இரண்டு வரிசைகளிலும் மூன்றாவதும் ஏழாவதும் சேர்ந்து 54தான். ஆகவே இரண்டாம் கூற்று போதாது, விடை (அ). இணை ஆடி இணையா என அறிய ஒரு சிறு சோதனை உண்டு. இட எண்களைக் கூட்டிப் பார்க்க வேண்டும். எட்டு எண்களில் 3உம் 6உம் சேர்ந்து 9. முதலும் கடைசியுமான 1உம் 8உம் சேர்ந்தும் 9. 3உம் 7உம் சேர்ந்தால் 10, பொருந்தவில்லை.

போதுமை என்பது கூற்றுக்கு மட்டும் உரிய பண்பன்று; கூற்றுக்கும் வினாவுக்கும் இடையே உள்ள உறவு அது. முதல் எண் 40, கடைசி எண் 60 என்பது கூற்று. சராசரி யாது என்று கேட்டால் இக்கூற்றே போதும். 50 என்று சொல்லிவிடலாம். கூட்டுத்தொகை யாது என்று கேட்டால் இதே கூற்று போதாது. ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றாக நடப்பட்ட கற்கள் 40 முதல் 60 வரை எனில் கற்கள் 21, எண்களின் கூட்டுத்தொகை 1050. நான்கு நான்காகச் சென்றால் உறுப்புகள் 6, கூட்டுத்தொகை 300. கற்கள் 20 என்று விடையளிப்போர் பலர். இருபது என்பது இடைவெளிகளின் எண்ணிக்கை. கற்கள் அதைவிட ஒன்று மிகுதி.

இரு சான்றுகள்

ஒரு கூற்று போதாது என்பதை எவ்வாறு நிறுவுவது? மேலே 54 என்ற கூற்றுக்குச் செய்யப்பட்டதை மீண்டும் நோக்க வேண்டும். கூற்றுக்கு முழுமையாகப் பொருந்தும் இரு வரிசைகள் எடுக்கப்பட்டன. ஒன்று 26 என்றது. மற்றொன்று 25 என்றது. அவ்வளவில் வழக்கு முடிந்தது.

தமிழ் இலக்கியம் பயில்வோர் இம்முறையை வேறோரிடத்தில் சந்தித்திருப்பர். மணிமேகலைக் காப்பியத்தின் இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூலைக் கற்பிக்கிறார். ஒன்றை நிறுவக் கூறும் காரணம் 'ஏது' எனப்படும். காரணம்போலத் தோன்றினும் காரணமாகாதவை ஏதுப்போலிகள். அவற்றுள் ஒரு வகை 'அநைகாந்திகம்'. ஒரு முடிவில் நிலைநில்லாதது என்பது அதன் பொருள். ஒலி அழியக்கூடியது, ஏனெனில் அது அறியப்படுகிறது என ஒருவர் வாதிடுவதாகக் கொள்வோம். குடமும் அறியப்படுகிறது, அது அழியும். ஆகாயமும் அறியப்படுகிறது, அம்மரபின்படி அது அழியாதது. அறியப்படுதல் என்னும் ஏது இரு பக்கத்தும் செல்கிறது. ஆகவே அதைக்கொண்டு ஒலி குடம்போல் அழியுமா, ஆகாயம்போல் அழியாதா என்று முடிவு கட்ட இயலாது. குடமும் ஆகாயமும் அங்கே செய்யும் பணியைத்தான் இங்கே இரு எண்வரிசைகள் செய்கின்றன.

இதில் ஒரு சமமின்மை இருப்பதைக் கவனிக்க வேண்டும். போதாது என்று நிறுவ இரு சான்றுகளே போதும். போதும் என்று நிறுவ நூறு சான்றுகளும் போதா. நூறு வரிசைகள் ஒரே விடையைத் தந்தாலும் நூற்றொன்றாவது மாறுபடலாம். அங்கே காரணம் வேண்டும். ஆடி இணைகள் நீங்கிக்கொள்வதைக் காட்டியது போன்ற காரணம்.

சான்றுகளைத் தேர்ந்தெடுப்பதிலும் திறன் உண்டு. ஒன்றையொன்று ஒத்த இரு சான்றுகளை எடுத்தால் அவை ஒரே விடையைத் தந்து ஏமாற்றிவிடும். பின்வரும் வினா இதற்கு நல்ல சோதனை. ஏறுவரிசையில் அமைந்த ஐந்து வெவ்வேறு இயல் எண்கள் கூட்டுத் தொடர்வரிசையில் உள்ளனவா?

கூற்று 1: அவற்றின் சராசரியும் இடைநிலை அளவும் சமம்.
கூற்று 2: முதல் எண்ணும் ஐந்தாம் எண்ணும் சேர்ந்து மூன்றாம் எண்ணின் இருமடங்கு.

சம இடைவெளியில் உள்ள எண்களுக்குச் சராசரியும் நடு எண்ணும் ஒன்றே என்று மேலே கண்டோம். ஆகவே முதற்கூற்றைக் கண்டதும் 'ஆம்' என்று துள்ளி எழும் மாணவர் மிகப் பலர். அவர் தம் ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள மூன்று எண்களை வைத்துச் சோதித்தும் பார்ப்பார். மூன்று எண்களின் சராசரி நடு எண்ணுக்குச் சமமானால் முதலும் மூன்றும் சேர்ந்து நடுவின் இருமடங்காகியே தீரும். அவை சம இடைவெளியில்தான் இருக்கும். சோதனை அவரது பிழையை உறுதிப்படுத்திவிடுகிறது. மூன்று எண்களுக்கு உண்மையாவது நான்கு எண்களிலேயே உடைகிறது. 1, 3, 4, 6 என்னும் நான்கின் சராசரி 3.5, இடைநிலை அளவும் 3.5, இடைவெளிகளோ 2, 1, 2.

ஐந்து எண்களுக்குத் திரும்புவோம். 1, 3, 5, 7, 9 என்பவை இரு கூற்றுகளுக்கும் பொருந்துகின்றன, விடை ஆம். 1, 2, 5, 8, 9 என்பவற்றின் கூட்டுத்தொகையும் 25, சராசரி 5, நடு எண் 5. முதலும் கடைசியும் சேர்ந்து 10. இரு கூற்றுகளும் நிறைவேறுகின்றன. ஆனால் இடைவெளிகள் 1, 3, 3, 1. விடை இல்லை. இரண்டும் சேர்ந்தும் போதாமையால் (உ) என்பதே சரி. சம இடைவெளி இருந்தால் ஆடியமைப்பு இருக்கும். ஆடியமைப்பு இருப்பதால் சம இடைவெளி இருந்தாக வேண்டும் என்பதில்லை. மாம்பழம் இனிக்கும் என்பதால் இனிப்பதெல்லாம் மாம்பழம் ஆகிவிடாது.

சராசரியைக் கேட்டவுடன் நடுவில் நிற்பவரை நினைக்கும் வழக்கம் தேர்வறைக்கு வெளியேயும் பெருந்தீங்கு செய்கிறது. ஒரு பட்டறையில் பத்துப் பேருக்கு மாதச் சராசரி வருவாய் 25,000 ரூபாய் என்று சொல்லப்பட்டால், கேட்பவர் உள்ளத்தில் 25,000 ரூபாயைச் சுற்றி வாங்கும் பத்துத் தொழிலாளர் தோன்றுவர். ஒன்பது பேர் 10,000 ரூபாயும் ஒருவர் 1,60,000 ரூபாயும் பெற்றாலும் சராசரி அதுவே. அங்கு வேலைக்குச் சேர நினைக்கும் இளைஞர் சராசரியை மட்டும் நம்பிப் போனால், முதல் மாதச் சம்பள நாளில்தான் தாம் கேட்க மறந்த இரண்டாம் கூற்று எது என்று அறிவார். சராசரியே நடுநிலையும் ஆவது சம இடைவெளி வரிசைக்கும் அதுபோன்ற ஆடியமைப்புகளுக்கும் கிடைத்த பேறு. பிற இடங்களில் அதை எதிர்பார்க்கக் கூடாது.

இல்லை என்பதும் விடையே

வினாக்கள் இருவகை. எவ்வளவு என்று அளவு கேட்பவை ஒருவகை. ஆமா, இல்லையா என்று கேட்பவை மற்றொரு வகை. இரண்டாம் வகையில் ஒரு குழப்பம் நேர்கிறது. தொடர்ச்சியான சில முழுக்களின் சராசரி ஒரு முழுவாக இருக்குமா?

கூற்று 1: அவற்றின் எண்ணிக்கை இரட்டை எண்.
கூற்று 2: அவற்றுள் முதல் எண் ஒற்றை எண்.

எண்ணிக்கை இரட்டையானால் நடு என்பது அடுத்தடுத்த இரு முழுக்களுக்கு இடையே விழும். சராசரி ஒருபோதும் முழுவாகாது. விடை 'இல்லை'. இவ்விடத்தில், விடை இல்லை என வந்துவிட்டதால் கூற்று போதாது எனக் குறிப்பவர் உண்டு. இரண்டும் வேறு வேறு. 'நிச்சயமாக இல்லை' என்று கூற முடிந்தால் வினா தீர்ந்துவிட்டது, கூற்று போதும். 'ஆகலாம், ஆகாமலும் போகலாம்' என்ற நிலைக்கே போதாது என்ற சொல் உரியது. இரண்டாம் கூற்று அத்தகையது: 1, 2 என்பவற்றின் சராசரி 1.5; 1, 2, 3 என்பவற்றின் சராசரி 2. விடை (அ).

இங்கே 'தொடர்ச்சியான முழுக்கள்' என்ற சொற்றொடரையும் கூர்ந்து படிக்க வேண்டும். அது 'தொடர்ச்சியான இரட்டை எண்கள்' என்று இருந்திருந்தால் நிலைமை தலைகீழாகும். 2, 4 என்பவற்றின் நடு 3. எத்தனை எண்களை எடுத்தாலும் சராசரி முழுவாகவே வரும். அப்போது எந்தக் கூற்றும் இன்றியே வினாவுக்கு விடை கிடைத்துவிடும். வினாவின் தண்டில் உள்ள ஒரு சொல் இரு கூற்றுகளைவிட வலிமையுடையதாக இருக்கக்கூடும். சொல்லப்படாததைச் சேர்த்துக்கொள்வதும் அதே அளவு தீங்கானது. சம இடைவெளியில் உள்ள எண்கள் என்றால் அவை மிகை எண்களாக இருக்க வேண்டியதில்லை. முழுக்களாகவும் இருக்க வேண்டியதில்லை. பொது வித்தியாசம் பின்னமாகலாம், குறை எண்ணாகலாம்.

ஒரே செய்தியின் இரு தோற்றங்கள்

இரண்டு கூற்றுகள் சேர்ந்தால் அறிவு பெருகும் என்று நினைப்பது இயல்பு. எப்போதும் அவ்வாறில்லை. தொடர்ச்சியான இயல் எண்கள் சிலவற்றின் கூட்டுத்தொகை 15. அவை ஒன்றுக்கு மேற்பட்டவை. எண்கள் எத்தனை?

கூற்று 1: அவற்றின் எண்ணிக்கை ஒற்றை எண்.
கூற்று 2: அவற்றின் சராசரி ஒரு முழு எண்.

கூற்றுகளைத் தொடும் முன் வினா தரும் வாய்ப்புகளை எழுதிக்கொள்வது நன்று. 7 + 8. 4 + 5 + 6. 1 + 2 + 3 + 4 + 5. வேறு வழியில்லை. ஆகவே எண்ணிக்கை 2, 3, 5 ஆகியவற்றுள் ஒன்று. முதற்கூற்று 2ஐ நீக்கி 3ஐயும் 5ஐயும் விட்டுவைக்கிறது, போதாது. இரண்டாம் கூற்று, சராசரி 7.5 ஆகும் முதல் வரிசையை நீக்கி, 5உம் 3உம் சராசரியாகும் மற்ற இரண்டையும் விட்டுவைக்கிறது, போதாது. இரண்டையும் சேர்த்தால்? மீண்டும் 3, 5 என்ற இரண்டுமே நிற்கின்றன. காரணம் முன்பே தெரிந்ததுதான்: தொடர்ச்சியான முழுக்களின் எண்ணிக்கை ஒற்றையானால் சராசரி முழுவாகும், இரட்டையானால் ஆகாது. இரு கூற்றுகளும் ஒரே செய்தியை இரு சொற்களில் சொல்கின்றன. ஒரே சாட்சி இருமுறை கூண்டில் ஏறினால் இரு சாட்சிகள் ஆகமாட்டார். விடை (உ).

தனித்தனியே போதாத இரு கூற்றுகளைக் கண்டதும் (இ) என்று குறித்துவிடும் அவசரமே இங்கு வலையாக விரிக்கப்பட்டிருக்கிறது. சேர்த்துப் பார்க்கும்போது ஒரு கூற்று விட்டுவைத்த வாய்ப்புகளில் எவற்றை மற்றொன்று நீக்குகிறது என்பதை நோக்க வேண்டும். இவ்வினாவில் இரண்டாம் கூற்றுக்குப் பதிலாகச் சராசரி 4ஐ விடக் குறைவு என்று இருந்திருந்தால், ஐந்து எண்கள் என்பது அதனாலேயே முடிவாகியிருக்கும். முதற்கூற்றின் துணையே வேண்டியிராது.

மூன்று பிரிவுகளின் சராசரி

ஒரு பள்ளியின் பதினோராம் வகுப்பில் அ, ஆ, இ என மூன்று பிரிவுகள். ஒரு தேர்வில் அவற்றின் சராசரி மதிப்பெண்கள் முறையே 60, 65, 70. வகுப்பு முழுமைக்குமான சராசரி யாது?

கூற்று 1: மூன்று பிரிவுகளிலும் மாணவர் எண்ணிக்கை சமம்.
கூற்று 2: அ பிரிவிலும் இ பிரிவிலும் மாணவர் எண்ணிக்கை சமம்.

முதற்கூற்று போதும் என்பதில் எவருக்கும் ஐயம் எழாது, சராசரி 65. இரண்டாம் கூற்றில் ஆ பிரிவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை; ஆகவே அது போதாது என்று கூறி (அ) என்பதைக் குறிப்பவரே மிகுதி. ஆ பிரிவு நிற்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். அதன் சராசரி 65. அது நடுவிலேயே நிற்கிறது. அ பிரிவின் ஒவ்வொரு மாணவரும் சராசரியாக 65க்கு ஐந்து குறைவு. இ பிரிவின் ஒவ்வொரு மாணவரும் ஐந்து மிகுதி. அவ்விரு பிரிவுகளிலும் ஆட்கள் சமமானால் குறைவும் மிகுதியும் நீங்கிவிடும். நடுவில் பத்துப் பேர் நின்றாலும் நூறு பேர் நின்றாலும் அவர்கள் எப்பக்கமும் இழுப்பதில்லை. இரண்டாம் கூற்றும் தனித்தே போதும், விடை (ஈ).

இரண்டாம் கூற்றைச் சற்றே மாற்றி, மூன்று பிரிவுகளின் மாணவர் எண்ணிக்கையும் கூட்டுத் தொடர்வரிசையில் உள்ளன என்று வைத்தால் என்ன ஆகும்? சராசரிகள் சம இடைவெளியில், எண்ணிக்கைகளும் சம இடைவெளியில். பார்வைக்கு முன்னதைவிட ஒழுங்கான கூற்று. பிரிவுகளில் முறையே 30, 35, 40 பேர் இருந்தால் மொத்த மதிப்பெண் 1800 + 2275 + 2800 = 6875; அதை 105ஆல் வகுத்தால் 65ஐ விடச் சற்று மிகுதி. எண்ணிக்கை 40, 35, 30 என்று மாறினால் மொத்தம் 6775. சராசரி 65ஐ விடக் குறைவு. கூற்றுக்குப் பொருந்தும் இரு வகுப்புகள், இரு வேறு விடைகள்.